பதின்மூன்றாவது துளை

ஜெலுத்தோங்
5 ஜூலை 2025

அன்புள்ள மருமகள் ரமணிக்கு,

மாமா எழுதுகிறேன். நான் சுகம். பாலிக் புலாவில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. உன் புருஷன் ஸ்ரீகரனிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வாய்த்தூது போக மாட்டேன்லா. எழுதிக் குடுங்க, கொண்டு போறேன்" என்கிறான். நான் பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சு இது. ஆகவே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ பெரிதாக எடுத்துக்கொண்டுவிட்டாய். நான் செய்துகொண்டிருக்கிற கடிகாரத்தில் பாக்கியிருந்தது ஒரே ஒரு பித்தளைச் சக்கரம். முப்பது பல். பின்னறைப் பட்டறையில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வெட்டினேன். கடைசிப் பல் மட்டும் மற்றவற்றைவிடத் தடியாக வந்து நின்றது. சக்கரம் குப்பைக்குத்தான். நடுவில் நான் சாப்பிட எழுந்தபோது பல்லுக்குப் பல் இடைவெளி அளக்கிற துளைத்தட்டின் கைப்பிடியை யாரோ அசைத்திருக்கிறார்கள். அந்த அறைக்குள் போகிறவள் நீ ஒருத்திதான். கேட்டேன். உன் அம்மாவும் பக்கத்து வீட்டு ரொஸ்னாவும் கூடத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். அதற்காக ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறிவிடுவதா?

உன் மாமி உயிரோடு இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. சோறு தினமும் குழைந்துபோகிறது. ஸ்ரீகரன் தட்டில் பாதியை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
மாமா
அப்புத்துரை


பாலிக் புலாவ்
6 ஜூலை 2025

மாமாவுக்கு வணக்கம்.

அரிசிக்குத் தண்ணீர் ஒரு கோடு குறைத்து வையுங்கள், சோறு குழையாது. இரத்த அழுத்த மாத்திரை மேல் தட்டில் நீல டப்பாவில் இருக்கிறது. காலையில் ஒன்றுதான், மறந்துவிட்டு இரண்டாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

"ஏதோ சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ இல்லை மாமா. "துறைமுகத்துல மூட்டை தூக்கினவன் வீட்டுப் பிள்ளைக்கு அளவு சுத்தம்னா என்ன தெரியும்?" என்று சொன்னீர்கள். உங்களுக்குக் கொடுக்க ஜாதிக்காய் ஊறுகாய் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா நின்றார்கள். அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. பஸ்ஸில் பாலிக் புலாவ் வரைக்கும் அந்தப் போத்தல் அம்மா மடியிலேயே இருந்தது.

சக்கரம் கெட்டது என்னால்தான். நீங்கள் சாப்பிடப் போனபோது அந்த மேசையைத் துடைத்தேன். கை பட்டிருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் மன்னிப்புக் கேட்பது சக்கரத்துக்கு மட்டும்தான்.

ரமணி


ஜெலுத்தோங்
12 ஜூலை 2025

அன்புள்ள ரமணிக்கு,

உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. தப்பை ஒப்புக்கொள்ள எல்லாருக்கும் மனசு வராது. உனக்கு வந்திருக்கிறது. மன்னித்துவிட்டேன். இனி அதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே வராது, போதுமா? நீ சொன்னபடி தண்ணீரைக் குறைத்தேன், சோறு பதமாக இருக்கிறது.

சக்கரத்தைப் பற்றியும் கவலைப்படாதே. புதிதாக ஒன்று வெட்டிப் பார்த்தேன். அதிலும் கடைசிப் பல் அப்படியே தடியாக நிற்கிறது. இந்தப் பித்தளையே தரமில்லை போலும், வேறு தகடு வாங்க வேண்டும். தீபாவளிக்குக் கடிகாரம் ஓடும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், ஓட்டிக்காட்டாமல் விட முடியுமா?

ரொஸ்னா உன் அம்மாவின் உடம்பைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறாள். சீக்கிரம் வா.

மாமா
அப்புத்துரை


பாலிக் புலாவ்
13 ஜூலை 2025

மாமா,

இரண்டாவது சக்கரம் வெட்டும்போது நான் அந்த வீட்டில் இல்லை. கைப்பிடியை அசைத்தது யார்?

அம்மா உடம்புக்கு என்ன?

ரமணி


ஜெலுத்தோங்
26 ஜூலை 2025

அன்புள்ள ரமணி,

போன சனிக்கிழமை ஸ்ரீகரன் கடிதம் கேட்டபோது, எழுத நேரமில்லை என்று சொன்னேன். பொய். எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பிள்ளை. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள்.

சக்கரத்தைக் கெடுத்தவன் நான். ஒரு பல் வெட்டியதும் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றி, அதற்குமேல் தட்டில் பதின்மூன்று துளை தள்ளி, கைப்பிடியில் இருக்கிற முள்ளைத் துளைக்குள் குத்த வேண்டும். முள் நிற்கிற துளையை எண்ணவே கூடாது, அதற்கு அடுத்த துளைதான் ஒன்று. நானோ நின்ற துளையையே ஒன்று என்று எண்ணினேன். பொருத்தம் பார்க்கும்போது பெண்ணின் நட்சத்திரத்தையும் சேர்த்துத்தானே எண்ணுகிறோம்? உனக்கும் ஸ்ரீகரனுக்கும் அப்படித்தான் விரல் மடக்கி எண்ணினேன். உன் அப்பாவின் பதினாறாம் நாளையும் அவர் போன நாளைச் சேர்த்து எண்ணிக் கொடுத்தவன் நான்தான். அதே விரல்கள் இங்கேயும் எண்ணிவிட்டன. முந்தின சக்கரங்களுக்கு முழுச் சுற்றே போதுமாக இருந்ததால் தப்பித்தேன். இதில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துளை குறைந்து, மிச்சமெல்லாம் கடைசிப் பல்லில் வந்து சேர்ந்தது.

இது எனக்குத் தெரியவந்தது உன்னை "மன்னித்துவிட்டேன்" என்று எழுதுவதற்கு முன்பே. உன் மன்னிப்புக் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, தெரிந்தே எழுதினேன். பித்தளை தரமில்லை என்றதும் பொய். நல்ல பித்தளை.

இன்னும் கேள். முள் துளைக்குள் இருக்கும்போது கைப்பிடியை யார் தொட்டாலும் அது அசையாது. துடைத்தாலும் அசையாது, இழுத்தாலும் அசையாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் பிழை என்னுடையது என்று ரொஸ்னாவுக்கும் உன் அம்மாவுக்கும் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வேன்? அதனால் உன்மேல் பாய்ந்தேன்.

துறைமுகத்தைப் பற்றிச் சொன்னது கோபத்தில் வந்த பேச்சு இல்லை. கல்யாணம் பேசிய நாளிலிருந்து எனக்குள்ளே கிடந்த பேச்சு. என் அப்பா ஆபீஸில் கணக்கெழுதிய கிராணி, நாங்கள் யாழ்ப்பாணத்தார் என்கிற திமிர். உன் அப்பா திருநாவுக்கரசு இந்த வீட்டுக்கு வந்தபோதெல்லாம் என்னை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை.

உன் அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை. "மருமக எங்க அங்கிள்?" என்று ரொஸ்னா கேட்டாள். அன்றைக்கு நான் கத்தியதைக் காதால் கேட்டவள், பாவம், நாகரிகமாகக் கேட்டாள். சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று புளுகினேன். உடனே ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கோழி சூப் வைத்து, உன் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லிக் கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் புளுகு. நன்றாக இருந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க முகமில்லாமல் அடுப்படியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நேரில் வரவும் முகமில்லை. இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. திரும்பி வா என்று இனி உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை.

அப்புத்துரை


பாலிக் புலாவ்
27 ஜூலை 2025

மாமாவுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். கூடத்தில் நின்று வாயால் சொன்னீர்கள், இங்கே வந்து வாயாலேயே சொல்லுங்கள்.

நானும் உங்களுக்கு ஒரு பொய் எழுதினேன். அன்றைக்கு அந்த மேசையை நான் துடைக்கவே இல்லை. பட்டறைக்குள் போனது அம்மா. சம்பந்தி செய்கிற கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே போய், அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் கத்தியதும், தொட்டது தான்தான் என்று சொல்லப் பயந்துவிட்டார்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதார்கள். "நான் கைய வச்சதுனாலதான்மா உங்கப்பாவுக்கு அந்தப் பேச்சு. செத்த மனுசனுக்குப் பேச்சு வாங்கிக் குடுத்துட்டேனே." அதனால்தான் பழியை என்மேல் போட்டுக்கொண்டு உங்களுக்கு எழுதினேன்.

அன்றிலிருந்து அப்பா படத்துக்கு விளக்கேற்றும்போது அம்மா நிமிர்ந்து பார்ப்பதில்லை. தலையைக் குனிந்தபடி ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். யார் தொட்டாலும் கைப்பிடி அசையாது, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குத் தெரியாதே மாமா.

நான் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம். ரொஸ்னா அக்கா, "அம்மாவுக்குச் சுகமாச்சா?" என்று எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை. அந்தப் பதில் நீங்கள் சொல்ல வேண்டியது. பாத்திரத்தோடு அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். கெட்டுப்போன சக்கரம் இரண்டையும் எடுத்து வாருங்கள். அம்மா கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

நேற்றும் அம்மா கேட்டார்கள்: "அந்தச் சக்கரத்த அவரு சரி பண்ணிட்டாராமா?" வாசலில் செருப்பைக் கழற்றியதும் நீங்கள் முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சாப்பாடெல்லாம் அப்புறம்.

ரமணி