மூன்று வருஷம் திறக்காத பானட்

சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
20-11-73

சிரஞ்சீவி உமாபதிக்கு அப்பா எழுதுவது. ஏகாம்பரநாதர் கிருபையில் நீ ராஞ்சியில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சுகம். என் இடத்தில் தறியில் உட்கார்ந்திருக்கிற முனுசாமி சுகம். நான்கு நாள் விடாமல் பெய்த மழை நேற்றுத்தான் விட்டது, பாவு நூல் நீட்ட முடியாமல் தெருவே சும்மா இருந்தது. நானும் சுகம் என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்திருக்கிறேன், பார். பழக்கத்தில் கை எழுதிவிட்டது.

உன் பதினோராம் தேதிக் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை, கிடைத்தால் வந்து வேனின் இன்ஜினைப் பார்க்கிறேன், அதற்குள் பின் ஜன்னல் ரப்பரை மாற்றிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பானட்டைத் திறந்துவிட்டேன். இன்ஜினில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. வெடிப்பில் அரக்கு. அரக்கின் மேல் வெள்ளிப் பெயிண்ட். உனக்குத் தெரிந்ததைத்தான் உனக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் உனக்குப் புதிது.

முதலிலிருந்து எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு வரிசை பிடிபடும். எழுபது ஆரம்பத்தில் சைக்கிளோடு விழுந்து எனக்கு இடுப்பு போயிற்று. இடது கால் தறிக் குழிக்குள் இறங்கும், மிதிக்காது. எட்டு மாதம் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்கிறார்கள். எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் இல்லை. ஐப்பசியில் நீ தாமலிலிருந்து அந்தப் பழைய வேனைக் கொண்டுவந்தாய். யாரோ ஒரு வெள்ளைக்கார சர்வே அதிகாரி ஊர் ஊராகப் போய்த் தங்குவதற்குக் கட்டிக்கொண்ட வண்டி, உள்ளே இரண்டு படுக்கை, மடக்கு மேஜை, அடுப்பு வைக்க ஒரு மாடம், தண்ணீருக்குத் தகரத் தொட்டி. துரைக்கண்ணு என்கிற விவசாயியின் களத்து ஓரத்தில் பதினைந்து வருஷம் நின்றது, கோழி அடைத்திருந்தார்கள். இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்து வந்தாய். எதிர்வீட்டு ஆதிகேசவன், “இன்னா கலியாணசுந்தரம், உம் புள்ள வண்டி வாங்கிக்கினு வந்தானா, கோழி வாங்கிக்கினு வந்தானா” என்று கேட்டான், உள்ளேயிருந்து ஒரு கோழியும் இறங்கியது. நான் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வேனின் படியில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னாய், “வெளிய உள்ள எல்லாம் நீ பாருப்பா, இன்ஜின் நான் பாத்துக்கறேன். முடிஞ்சதும் ஒரு மாசம் லீவு போட்டுட்டு வரேன். நான் ஓட்றேன், நீ பக்கத்துல குந்திக்க, அம்மா பின்னால படுத்துக்கினு வரட்டும். கன்யாகுமரி வரைக்கும் போலாம்.” அடுத்த மாதம், நீ எதிர்பார்த்திருந்த ராஞ்சி வேலைக்கு ஆர்டர் வந்தது.

கோர்வைத் தறியில் இருந்தவனுக்கு அந்தப் பேச்சு போதும். சேலையின் உடலும் ஒரு பக்கத்துக் கரையும் நான் நெய்தால் எதிர்க்கரைக்கு உன் அம்மா இழை ஓட்டும் நாடா போடுவாள். இருபத்திரண்டு வருஷம். அவள் நாடா சரியாகப் போயிற்றா, இழை விழுந்ததா என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்தது இல்லை. பார்த்தால் என் பக்கம் கெடும். அதைவிட, எதிரில் இருப்பவர் கை தயங்கும். எதிர்க்கரை எதிரில் இருப்பவருடையது. இன்ஜின் உன் பக்கம் என்று நீ சொன்ன பிறகு நான் பானட்டைத் தூக்கவில்லை. ஒரு லாரிக்காரனாக இருந்தால் முதல் நாளே தூக்கியிருப்பான், ஒரு மளிகைக் கடைக்காரன்கூடத் தூக்கியிருப்பான். துடைக்கும்போது மேலே துடைப்பேன், பெயிண்ட் அடிக்கும்போது மேலே அடிப்பேன். இடுக்கில் துணி விட்டுத் துடைத்தால் உள்ளே தெரியுமே என்று அந்த இடத்தை மட்டும் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு துடைத்தேன்.

என் பக்கத்தை நான் செய்தேன். கோழி எச்சத்தைச் சுரண்டவே நான்கு நாள். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தேய்த்த இடமெல்லாம் சல்லடை, வெட்டி எடுத்துத் தகடு வைத்து ஈயம் பற்றவைத்தேன், கையில் இரண்டு இடத்தில் இன்னும் வடு இருக்கிறது. படுக்கைக்குத் தேங்காய் நார் திணித்தேன். மடக்கு மேஜைக்குப் புதுக் கீல். கீழே அரக்குச் சிவப்பு, மேலே சந்தன நிறம். இரண்டும் சேரும் இடத்தில் சும்மா ஒரு கோடு இழுக்க மனம் வரவில்லை, கோர்வையில் கரையை உடலோடு கோக்கிற மாதிரி பல் பல்லாக வைத்தேன், ஒவ்வொன்றாக அளந்து, வண்டியைச் சுற்றி. கீழ் வரிசைக்கு உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்து வரைந்தேன். படுத்தவன் எழுந்திருக்க வேண்டுமே, அப்படித்தான் இடுப்பு வளைந்தது. கம்பை விட்டுவிட்டு நாலு அடி நடந்ததும் அந்த வண்டியைச் சுற்றித்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வழி. பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று வாங்கி நான் ஊர் ஊராகக் குறித்து உனக்கு எழுதினேன். முதல் நாள் திண்டிவனத்தில் தங்கலாம் என்றேன். வேண்டாம், விழுப்புரம் தாண்டிவிடலாம், அங்கே ரயில்வே கேட் பக்கத்தில் நல்ல நிழல் இருக்கிறது, அம்மா அங்கேயே சமைக்கலாம் என்று எழுதினாய். மதுரைக்கு இரண்டு நாள் போதும் என்றேன், அம்மாவுக்கு மூன்று நாளாவது வேண்டும் என்றாய். திருநெல்வேலியில் தண்ணீர் நன்றாக இருக்கும், தொட்டியை அங்கே நிரப்பிக்கொள்வோம் என்றாய். உமாபதி, எந்தத் தொட்டியை? எனக்குத் தெரியாது, நான் கேட்டேன். நீ தெரிந்திருந்தும் பதில் எழுதினாய். ராஞ்சியில் ஷிப்ட் முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, போக முடியாத ஒரு ஊரில் எங்கே நிழல் இருக்கிறது என்று யோசித்து எழுதியிருக்கிறாய். அரக்கு வைத்ததை என்றைக்காவது விழுங்கிவிடுவேன். அந்த நிழல் தொண்டையிலேயே நிற்கிறது.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். தீபாவளியோடு என் வேலை முடிந்தது. பெட்ரோல் விலை ஏற்றிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது, இன்னும் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று எனக்கு அவசரம். நீ வரும்போது இன்ஜின் தயாராக இருந்தால் உன் லீவில் நாலு நாள் மிச்சம். நான் தொடக் கூடாது, உனக்குப் பதிலாக மெக்கானிக் தாவீது தொடலாம் என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டு செவிலிமேட்டில் இருக்கிற அவன் ஷெட்டுக்குப் போனேன். முதல் தடவை ஸ்பானர் எல்லாம் இரவல் போயிருக்குது என்றான். இரண்டாம் தடவை மச்சானுக்குக் கல்யாணம். மூன்றாம் தடவை என்னைப் பார்த்ததும் ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். “தாவீது, உன் கால் எனக்குத் தெரியும்டா” என்றேன். “நான் இல்லீங்கண்ணா” என்று லாரிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. சரி, ஓரிக்கையிலிருந்து வேறு மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்றதும் வெளியே வந்துவிட்டான். வண்டி நிற்கிற நம் மனைக்கு வந்து, பானட்டின் மேல் கையை வைத்து, எடுத்துவிட்டான். “தெறக்க வேணாம்ண்ணா. தம்பி வரட்டும்.” நான் திறந்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என் பிள்ளை தன் பக்கத்தை எவ்வளவு சுத்தமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று. தாவீது ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு இடத்தில் கீறினான். பெயிண்ட் உரிந்தது, அரக்கு உதிர்ந்தது, அதற்குப் பின்னால் இருட்டு. “தாமல்ல வாங்கும்போதே இப்படித்தாண்ணா. தேறாதுன்னு நான் அப்பவே சொன்னேன். ஓட்றதுக்கு இல்ல தாவீது, எங்கப்பா எழுந்துக்கறதுக்குன்னு தம்பி சொல்லுச்சு. வாய தெறக்காதன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிக்கினு போச்சு.”

இன்னொன்றும் அவன்தான் சொன்னான், சாதாரணமாக. சூடு பட்டால் அரக்கு உருகிவிடும், ஓடுகிற இன்ஜினுக்கு யாரும் வைக்க மாட்டார்கள் என்று. அப்படியானால் எதற்கு வைத்தாய்? நான் திறந்து பார்த்தாலும் தெரியக் கூடாது என்பதற்கு. நான் எட்டிப் பார்ப்பேன் என்று எண்ணியிருக்கிறாய். தறிக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவன் நீ. மூன்று வருஷம் கண்ணைத் திருப்பிக்கொண்டு துடைத்திருக்கிறேன். அப்பன் பார்த்துவிடுவான் என்று நீ பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாய்.

தாவீது யாரிடமும் சொல்லவில்லை என்று அழுகிறான். ஆதிகேசவனுக்குத் தெரிந்திருக்கிறது. முன்பெல்லாம் காலையில் பல் துலக்கிக்கொண்டே “தேர் எப்போ நெலைய வுட்டுக் கெளம்புது” என்று கேட்பான். ஒரு வருஷமாகக் கேட்பதில்லை, பெயிண்ட் நல்லா இருக்குதுப்பா என்கிறான். கிண்டலே தேவலை.

உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். தறியில் எதிர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. “தெரியும். மொத நாளே சொல்லிட்டுத்தான் போனான்.” ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். “சொன்னா திரும்பவும் சுவத்தாண்ட போய் உக்காந்துப்பீங்க. எனக்கு ஓட்ற வண்டி வேணாம், எழுந்து நடக்கற மனுஷன் வேணும்.” முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள், சாப்பிடுகிறேன். குழம்பில் உப்பைக் கூட்டுகிறாள், என் வாயைத் திறக்க வைப்பதற்கு. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, “ராஞ்சிக்கு எழுதறவங்க அவன் அம்மா கேட்டதா எழுதட்டும்” என்று முனுசாமியிடம் சொல்கிறாள், நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். ஆகையால் எழுதுகிறேன், அம்மா கேட்டாள்.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய். அது புரியாதவன் இல்லை நான். உன்னைத் திட்டலாம் என்று எடுத்த வார்த்தை ஒவ்வொன்றும் பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. உன் கடிதங்கள் முப்பத்தெட்டையும் எடுத்து மறுபடி படித்தேன். மெஸ் சாப்பாடு பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பழகிவிட்டதா? மேஸ்திரி நல்ல மனிதர் என்கிறாய். ஆகஸ்டில் வந்த காய்ச்சல் இரண்டே நாளில் விட்டுவிட்டது, கவலைப்பட வேண்டாம் என்கிறாய். முன்பு படித்தபோது அப்பாடா என்று மடித்து வைத்தேன். இப்போது ஒவ்வொரு வரியையும் கீறிப் பார்க்கிறேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிவதெல்லாம் அவன் எழுதுவதுதான். வண்டி போனால் போகட்டும். இது போகக் கூடாது, உமாபதி.

நான் முதலில் ஆரம்பிக்கிறேன். கால் நன்றாக இருக்கிறது என்று ஒரு வருஷமாக எழுதுகிறேனே, அது பொய். மழை நாளில் வலி உயிரை எடுக்கிறது. தோட்டத்துப் படியில் இரண்டு தடவை விழுந்தேன், அம்மாவுக்கே ஒரு தடவைதான் தெரியும்.

சனிக்கிழமை கொட்டுகிற மழையிலேயே தாவீது சங்கிலி கட்டி இன்ஜினை இறக்கிவிட்டான். மனையில் கிடக்கிறது. ஜீப் இன்ஜின் ஒன்று கிடைத்தால் அதை வைக்கலாம், தான் செய்த பாவத்துக்குக் கூலி வேண்டாம் என்கிறான். யோசிக்கிறேன். பஸ் ஏறி அவன் ஷெட்டுக்குப் போய், கழற்றிப் போட்டதை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எது எதற்கு என்று கேட்டுக்கொள்கிறேன். வைப்பதானால் நான் பார்த்து வைப்பேன். உன் பக்கம் என்று அந்த வண்டியில் இனி ஒன்றும் இல்லை. லீவு கிடைத்தால் பொங்கலுக்கு வா. அம்மாவைப் பார்க்க வா. ஜன்னல் ரப்பரை மாற்றிவிட்டேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். அம்மா அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். போட்டுக்கொண்டேன் என்று எழுதாதே, போட்டுக்கொள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. காமாட்சி உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று கோபத்தோடேயே வேண்டிக்கொள்கிறேன், கோபத்தில் வேண்டினாலும் பலிக்கும் என்று நினைக்கிறேன். பதில் எழுதும்போது மன்னிப்பு ஒன்றும் எழுத வேண்டாம், வண்டியைப் பற்றியும் வேண்டாம். ஆகஸ்டில் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, அதை எழுது.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
மா. கலியாணசுந்தரம்