கஞ்சி குடித்த நீதிபதிக்கு

தீர ஆலோசித்து, மருத்துவர் உப்பைப் பற்றிச் சொன்னதையும் பரிசீலித்து, இன்று மாலை இரண்டாவது டம்ளர் நோன்புக் கஞ்சியும் குடிப்பதென்று முடிவு செய்தேன். முடிவு ஒருமனதானது. பள்ளிவாசல் முன்னால் பூண்டும் வெந்தயமும் மணக்க நின்றபோது, ஐயா, உங்கள் நினைவு வந்தது.

துறைமுகக் குமாஸ்தாவின் மகன் நீங்கள். முன்சீப்பாக ஊர் ஊராகச் சுற்றி, ஜில்லா நீதிபதியாகி, சுதந்திரத்துக்குப் பின் டில்லி சர்க்காரால் துறைமுகத் தொழிலாளர் வழக்குகளுக்கு நீதிபதியாக நியமிக்கப்பட்டீர்கள். பங்களா கொடுத்தார்கள். வேண்டாமென்று ராயபுரத்து அப்பா வீட்டுக்கே திரும்பினீர்கள். அங்கே வழக்குக் கட்டுகளின் மேல் தினமும் துறைமுகக் கரித்தூள் படியும். உங்கள் பெஞ்சு கிளார்க்கான நான் தினமும் தட்டுவேன்.

ஒரு நோன்பு மாலை, பக்கத்து வீட்டுக் காதர் பாய் வழக்கம்போல் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார். குடித்து முடித்துவிட்டு, நான் கொண்டுவந்த மறுநாள் பட்டியலை விரித்தீர்கள். நைந்த கயிற்றில் சரக்குத் தூக்க மறுத்ததற்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட விஞ்ச் டிரைவர், அப்துல் காதர்.

“பாய், இது நீங்களா?”

“நான்தான் நைனா. வூட்டாண்ட வந்து கேஸ் பேசினா உனக்குப் பேஜாருன்னு வாயே தொறக்கல.”

“கஞ்சி குடிச்சிட்டேனே!”

“சின்ன வயசுலேர்ந்து குடிச்சிகினுதான கீற? இன்னிக்கு இன்னா புச்சா?”

அவர் போனபின் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு, “ஜெயிக்க வேண்டிய கேஸ்” என்றீர்கள்.

“அப்போ நீங்களே விசாரிங்களேன், ஐயா.”

“அதனாலதான் விசாரிக்கக் கூடாது.”

மறுநாள் கோர்ட்டில் கஞ்சி குடித்ததை நீங்களே சொன்னீர்கள். கம்பெனி வக்கீல் எழுந்து, “கஞ்சிக்கு எங்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை” என்றார். கோர்ட்டே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. மனுதாரர் வீட்டுக் கஞ்சி ஒரு டம்ளர் அருந்தியதால் இவ்வழக்கை விசாரிக்கும் தகுதியை இழந்தேன் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். சென்னையில் இந்த வழக்குகளுக்கு வேறு நீதிபதி கிடையாது. கட்டு கல்கத்தாவுக்குப் போனது.

காதர் பாய் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். “கல்கத்தா எங்க கீது சார்? எண்ணூர் தாண்டியா?”

“நிறையத் தாண்டி” என்றேன்.

பிறகு எத்தனையோ நீதிபதிகளிடம் வேலை பார்த்தேன். அப்படி ஓர் உத்தரவை வேறு யாரும் எழுதச் சொன்னதில்லை. இன்றும் அதை வரி பிசகாமல் சொல்வேன். சில நாள் பெருமையாக, சில நாள் அப்படியில்லாமல்.

கல்கத்தாவில் வழக்கைக் கூப்பிட்டபோது மனுதாரர் ஆஜராகவில்லை. தள்ளுபடியானது.