நன்றிப் பத்தியில் ஒரு திருத்தம்

மார்ச் 11, வியாழன்

கர்த்தருக்குள் அன்பான என் வாயாடித் தங்கைக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நாளைக் காலை மாப்பிள்ளைக்குக் கையில் அறுவைச் சிகிச்சை. நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? எனக்கே இங்கே இருப்புக் கொள்ளவில்லை. அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தால் ஒரே வரியை நாலு தரம் படிக்கிறேன். ரொட்டிக் கடையில் அந்த மாவு பிசையும் இயந்திரம் அவர் வலது கையை இழுத்துக்கொண்டதுதான் கண்முன் நிற்கிறது.

ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. எங்கள் சபை மடலின் நன்றிப் பத்தியை நான்தானே எழுதுகிறேன்? பக்கத்தை நேற்றே அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. விட்டால் இன்னும் ஒரு மாதம். "என் தங்கை கணவரின் கை அறுவைச் சிகிச்சையில் முழுக் குணமடைந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று எழுதிவிட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்புவதுதானே விசுவாசம்? மாப்பிள்ளை பெயருக்கே ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படித்தால் தெம்பாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

ஜெபத்துடன்,
உன் அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

உன் சபை மடல் வந்தது. நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் தபால்காரர் அதை அவரிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சிகிச்சை பாதிதான் பலித்தது. மூன்று விரல்கள் அசைகின்றன. மோதிர விரலும் சுண்டு விரலும் மரக்கட்டை மாதிரி கிடக்கின்றன. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். நீ அச்சடித்த ரெண்டு வரியைத்தான் தாங்க முடியவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டாய். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்தாய், சரி. அதை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டுமா?

அவர் என்ன கேட்டார் தெரியுமா? "உங்க அக்கா நம்பினாங்க. சபையே நம்பி நன்றி சொல்லிடுச்சு. அப்புறமும் நடக்கலன்னா, நம்பாதவன் நான் ஒருத்தன்தானே?"

அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பதை விட்டுவிட்டார். கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் ஜெபம் சொல்வது அவர்தான். இப்போது ரெண்டு பேரும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம், சோறு ஆறிப்போகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பி வந்தால் பால் பொங்கி வழிந்திருக்கிறது. இதற்கு நடுவில் உன் சபைக்காரர்களிடமிருந்து வாழ்த்து அட்டைகள் வேறு. கொஞ்ச நாளைக்கு எழுதாதே. ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே.

தங்கை


ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டு.

அன்று நான் எழுதியது விசுவாசமே இல்லை. பயம். அச்சில் ஏற்றிவிட்டால் ஆண்டவர் பின்வாங்க மாட்டார் என்று அவரையே மடக்கப் பார்த்திருக்கிறேன். இருபது வருஷமாக அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவளுக்குத் தன் பிழை தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. நாலு நாளாக ஜெபிக்க முழங்காலிடுகிறேன். வாய் வராமல் எழுந்துவிடுகிறேன்.

இந்த மாத நன்றிப் பத்தியில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று போதகரிடம் போய் நின்றேன். "நன்றிப் பத்தியில திருத்தமாம்மா? ஆண்டவரையே திருத்துற மாதிரி இருக்காதா?" என்றார். "அவரை இல்ல ஐயா, என்னை" என்றேன். ரொம்ப நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "போடுங்க" என்றார். அது இதுதான்:

"என் தங்கை கணவர் முழுக் குணமடைந்ததாகச் சென்ற இதழில் வந்தது தவறு. அதை நான் சிகிச்சைக்கு முன்பே எழுதினேன். அவருக்கு இரண்டு விரல்கள் அசையவில்லை. தவறு என் அவசரத்தில். அவருடைய விசுவாசத்தில் எந்தக் குறையும் இல்லை."

இந்தத் தடவை பிரதி உன் பெயருக்கு வரும். அவரிடம் காட்டுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

உன் அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

திருத்தம் வந்த பிரதியை ரெண்டு நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் அவர் முன்னால் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் நின்றேன்.

கடைசி வரியில் விரலை வைத்து ரெண்டு தரம் படித்தார். "பேப்பர்லயே போட்டுட்டாங்களா? எல்லாரும் படிப்பாங்களே, அவங்க மானம் போகுமே" என்றார். உனக்காக அவர் வருத்தப்பட்டார், அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமையிலிருந்து கடைக்குப் போகிறார். பிசைவது இடது கை. வலது கை மாவைப் பிடித்துக்கொள்கிறது. நேற்று ஒரு ரொட்டி கொண்டுவந்தார். ஒரு பக்கம் சப்பை, பார்க்கச் சகிக்கவில்லை. மேசையில் வைத்தோம். நான் வழக்கம்போல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே, மூணு விரல் இருக்கு. அதுக்கு நன்றி. மத்த ரெண்டுக்கும் உம்ம மேல எனக்கு இன்னும் கோபம் போகல."

அவ்வளவுதான். ஆமென் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அடுத்த இதழில் எதையும் போடாதே. ஆனால் ஜெபி.

உன் வாயாடி