இல்லாத மேல்பாதி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஜெயிலில் இருப்பவனிடம் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. சாப்பிடுகிறாயா, அதை மட்டும் எழுது. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். யாராவது கதவைத் தட்டினால் நீதான் என்று எழுந்து ஓடுகிறாள்.

வக்கீல் வந்திருந்தார். என் புரோகிராம்தான் சார் தப்பு, ஒத்துக்கறேன் என்று சொன்னாயாம். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறாயாம். அடப்பாவி, யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய்? வார்டில் மருந்து அளவுக்கு மீறி ஏறி அந்தப் பெண் இறந்ததற்கு நீதான் காரணம் என்று உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாயா?

அந்த மருந்து பம்புக்கு நீ எழுதிய புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். மருந்து ஏற்றும் வேகத்தை நினைவகத்தின் கீழ்ப்பாதியில் வைத்திருக்கிறாய், அலாரக் குறிப்புகளை மேல்பாதியில். ஒன்றை ஒன்று தொட வழியே இல்லை. பிறகு ஏன் வேகம் எகிறியது? அதே சமயத்தில் நம் கம்பெனியில் செய்த இன்னொரு பம்ப் பழுதுபார்க்க என் மேஜைக்கு வந்தது. திறந்து சிப்பின் எண்ணைப் பார்த்தேன். நீ புரோகிராம் எழுதிய சிப் இல்லையடா அது. அதே குடும்பம், அதே கால்கள், பாதி நினைவகம்.

சிப் செய்கிறவன் தன் கையேட்டின் முதல் பக்கத்தில், குடும்பத்திலேயே பெரிய சிப்பின் அளவைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். எந்தச் சிப்புக்கு எவ்வளவு என்பது உள்ளே, நினைவக வரைபடத்துக்குக் கீழே அட்டவணையில். அதற்கும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இல்லாத மேல்பாதியில் எழுதினால் அது கீழ்ப்பாதியில் போய் விழும். மாடியே இல்லாத வீட்டில் மாடிக்கு அனுப்பிய சாமான் கீழ்வீட்டில் இறங்குகிற மாதிரி. நம் சோதனையில் இரண்டு மூன்று அலாரத்தோடு நிறுத்திவிடுவோம், அதனால் இது தெரியவில்லை. அன்று வார்டில் அது விடாமல் அடித்திருக்கிறது. குறிப்புகள் நிரம்பி, மருந்தின் வேகத்தின் மேலேயே விழுந்துவிட்டன.

கொள்முதலில் சிப்பை மாற்றியவர் உன் மச்சான், என் வீட்டுக்காரர்தான். சாப்பிடும்போது கேட்டேன். பழசு கிடைக்கலை, முதல் பக்கத்துல அதே அளவுதானே போட்டிருக்கு என்றார். என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது ஏன் சொல்லவில்லை என்றேன். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

உனக்கு அந்தக் கையேடு தலைகீழ்ப் பாடம். விசாரணையில் உன் முன்னால் பம்பைத் திறந்தார்களே, எண்ணைப் பார்க்காமலா இருந்திருப்பாய்? அக்கா குடும்பம் போய்விடும் என்றுதானே வாயை மூடிக்கொண்டாய்? அந்தத் தியாகம் ஒன்றும் எனக்கு வேண்டாம், போடா.

சிப்பையும் கையேட்டுப் பக்கத்தையும் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். உன் மச்சானிடமும் சொல்லிவிட்டேன். உள்ளே சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ கையெழுத்துப் போடாதே, என் ராசா. அந்த ஜெயில் வாசலில் நான் இனியும் வந்துதான் நிற்கவேண்டும், யாரைப் பார்க்க என்று உனக்கே தெரியும். நீ வந்து அம்மா இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டு. நன்றாக இருப்பாய்.

உன் அக்கா