இரண்டாவது இடம்

24.01.2009 சனி

தரம் பதினொன்று பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு கஹவத்தை டவுனுக்குப் போனேன். ஜுனைதீன் நானாவின் கொமியூனிகேஷன் கடையில்தான் இன்டர்நெட். எங்கள் பாடசாலைக் கம்பியூட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன்மேல் அதிபர் பூச்சாடி வைத்திருக்கிறார்.

போனில் சிவப்பு நம்பரில் கோல் வந்தால் காதில் இரத்தம் வருமென்று ஒரு இணையப் பக்கம். நிரோஷன் அப்படியே நம்பிவிட்டான். “டீச்சர், நெட்லயே போட்டிருக்காங்க!” தலையில் அடித்துக்கொண்டு, எல்லார் கொப்பியிலும் மூன்று கேள்விகள் எழுதவைத்தேன். யார் எழுதியது? எப்போது? அதைப் பார்த்து எழுதாத இரண்டாவது இடம் ஒன்று அதையே சொல்கிறதா? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் நம்பக்கூடாது.

ஷாமிளா மட்டும் எழுதி முடித்த பிறகும் திரையை விட்டு எழும்பவில்லை.

07.02.2009 சனி

இன்றுதான் விஷயம் தெரிந்தது. ஷாமிளாவின் அக்கா விஜயகலா சண்டை நடக்கிற கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறாள். எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு இங்கிருந்து போன மாமன் குடும்பம். சமாதானம் என்று வடக்குப் பாதை திறந்திருந்த காலத்தில் மாமன் மகனுக்கே கட்டிக்கொடுத்தார்களாம். டிசம்பரிலிருந்து போன் இல்லை. இந்தப் பிள்ளை ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வருவது என் பாடத்துக்காக என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே நாள், ஒரே ஊர், இரண்டு செய்திப் பக்கங்கள். ஒன்றில் யாருக்கும் ஒன்றுமில்லை. மற்றதில் நாற்பது பேர் பலி. “இதுல எது டீச்சர் நெசம்?” என்று கேட்டாள், நல்ல சத்தமாக. பக்கத்தில் இரண்டு பேர் சிங்களத்தில் பேசியபடி போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நேரமாச்சு, பஸ் போயிரும்” என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

10.02.2009

மூன்று கேள்விகள் சொல்லிக் கொடுத்தேன். அதை எங்கே நின்று கேட்கலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுப்பது?

14.03.2009 சனி

ஒரு பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல். விஜயகலா. ஊர் சரி, புருஷன் பெயர் சரி. வயது மட்டும் 42 என்று இருக்கிறது. அவளுக்கு இருபத்து நாலு.

ஷாமிளா அழவில்லை. “வயசு பிழை டீச்சர்” என்றாள், சோதனைத்தாள் திருத்துகிற மாதிரி.

ஜுனைதீன் நானா வந்து பக்கத்தை மூடிவிட்டார். “கோவிச்சுக்காதீங்க டீச்சர். இதெல்லாம் நம்மட கடையில வாணாம். நாளைக்குப் பொலிஸ் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ற?” அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஷாமிளா அச்செடுத்திருந்த தாளைப் பழைய பேப்பருக்குள் மடித்து அவள் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

17.03.2009

வீட்டுவேலைக் கொப்பிகள் வந்தன. சிவப்பு நம்பர் பக்கத்தைத்தான் செய்யச் சொன்னேன். ஷாமிளா அந்தப் பட்டியலைச் செய்திருக்கிறாள்.

யார் எழுதியது: பெயர் இல்லை.
எப்போது: திகதி இல்லை.
இரண்டாவது இடம்: இல்லை.
வயது: பிழை.
முடிவு: நம்பக்கூடாது.

ஒன்றிலும் குறை இல்லை. சரி போட்டேன். வேறு என்ன போடுவது?

28.03.2009 சனி

பிள்ளைகளை வர வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். நானா மூலையில் இருந்த கம்பியூட்டரைக் காட்டினார்.

இன்னொரு பக்கத்திலும் பெயர் இருக்கிறது. அங்கேயும் வயது 42. முதல் பக்கத்தைப் பார்த்து எழுதியது. ஆகவே இது இரண்டாவது இடம் ஆகாது, இன்னும் ஒரே இடம்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அடுத்த நிமிஷமே, என்ன மனுஷி நீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஷாமிளாவிடம் சொல்லப்போவதில்லை.

12.04.2009

சித்திரை வருஷத்துக்குச் சாமான் வாங்க வந்த ஷாமிளாவின் அம்மா மூக்காயியை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். ரப்பர் பால் வெட்டிக் கறுத்துப்போன விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு எடத்துல மட்டும் போட்டிருந்தா நம்பக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே டீச்சரம்மா. பாப்பா சொன்ன பெறகுதாங்க சோறே எறங்குச்சு. பெரியவளுக்கும் சேத்துச் சீல எடுத்து வச்சிட்டேன்.”

“ஆமாங்க” என்றேன். ஆமாங்களாம்! எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கன்னு சொல்றதுக்கு ஏன் வாய் வரல? அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறுது, நான் மரம் மாதிரி நிக்கிறேன்.

20.05.2009

சண்டை முடிந்துவிட்டதாம். டவுனெல்லாம் கொடி, வெடி. சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன்.

15.06.2009 திங்கள்

ஒரு கிழமையாக வராத ஷாமிளா இன்று வந்தாள். மற்றவர்களுடைய கொப்பிகளோடு தன் கொப்பியையும் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்துதான் திறந்தேன். மார்ச் மாதத்துப் பக்கம். நான் போட்ட சிவப்புச் சரி அப்படியே இருக்கிறது. ‘இரண்டாவது இடம்’ என்ற வரியில் ‘இல்லை’யை ஒரு கோடு போட்டு வெட்டி, நீலப் பேனையால் எழுதியிருக்கிறாள்:

அத்தான். வவுனியா முகாமிலிருந்து போன். பட்டியலைப் பார்த்துச் சொன்னது அல்ல. அப்போது அக்கா பக்கத்தில் இருந்தவர்.

வயது வரியிலும் ‘பிழை’யை வெட்டி 24 என்று எழுதியிருக்கிறாள். ‘முடிவு’ என்ற இடத்தில் பழையதை வெட்டிவிட்டு ஒன்றும் எழுதவில்லை.

நாளை மூன்றாம் பாடவேளை அவளுடைய வகுப்பு. கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.