திறந்த கதவுக்கு எரிந்த விளக்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், என் மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை, நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருந்தால் அதுவே எனக்குப் பாதி நிம்மதி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அட்டைப்பெட்டி ஆலையில், வெட்டும் இயந்திரத்தின் காப்புக் கதவுக்குப் புது சுவிட்ச் மாட்டினேன். கதவு மூடியிருக்கிறதா என்று அந்த சுவிட்ச் சொல்லும், கண்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு கேட்டுக்கொள்ளும், அந்தக் கார்டு பழகியது இருபத்துநாலு வோல்ட்டுக்கு. பக்கத்திலேயே மின்விசிறிக்குப் போகும் இருநூற்று முப்பது வோல்ட் வயர், அதே நிறம், அவசரத்தில் அதை மாட்டிவிட்டேன். பட்டென்று ஒரு சத்தம், லேசான கருகல் வாடை. உடனே மாற்றினேன், கதவுக்கான பச்சை விளக்கு எரிந்தது, இயந்திரமும் ஓடியது, பிழைத்தோம் என்று பெட்டியை மூடிவிட்டேன். கதவைத் திறந்தால் விளக்கு அணைகிறதா என்று பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. வியாழக்கிழமை காலை அட்டை சிக்கி இயந்திரம் நின்றது, அதை ஓட்டுகிற சோடாபுட்டி அண்ணன் கதவைத் திறந்து கைவிட்டுச் சிக்கியதை இழுத்தார், கதவு திறந்திருந்தால் அசையக்கூடாத இயந்திரம் அசைந்தது. கத்தி அவர் சட்டைக்கையை முழங்கை வரை கிழித்துக்கொண்டு போனது, தோலில் ஒரு கோடு, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவர் தரையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் வந்து, சுவிட்சுல குச்சி செருகி ஏமாத்தியிருக்க, வேற எப்படி ஓடும் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கதவு திறந்து கிடக்கிறது, விளக்கு எரிகிறது. சுவிட்ச் வயரைக் கழற்றினேன், அப்போதும் எரிந்தது. உள்ளே கருகிப்போன கார்டு இரண்டு நாளாகக் கதவு மூடியிருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வாயைத் திறக்க அரை மணி நேரம் ஆயிற்று சின்னவளே, அதற்குள் குச்சி செருகியது நான்தான் என்று எழுதிய ஒரு தாளை அண்ணனிடம் கையெழுத்துக்கு நீட்டிவிட்டார்கள், பிறகுதான் தப்பு என்னோடது சார் என்றேன். மேனேஜர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போங்க, திங்கட்கிழமை பேசலாம் என்றார்.

அதிலிருந்து துவைத்த துணியையே துவைக்கிறேன். சுவிட்சுக்கும் கார்டுக்கும் நடுவே, சேதியை வாங்கிக் கைமாற்றிவிடும் ஒரு சின்ன ரிலேயும் ஃபியூஸும் வைத்தால், நாளைக்கு யார் தப்பாக மாட்டினாலும் கருகுவது ரிலேதான், ரிலே போனால் இயந்திரம் ஓடாது, ஒரு கை பிழைக்கும். எல்லா வயருக்கும் அப்படி வரைந்து வைத்திருக்கிறேன், வேலை இருந்தாலும் போனாலும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். இன்று மதியம் சோடாபுட்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். வயர் மாறினதுக்கு எனக்குக் கோவமில்லம்மா, அது யாருக்கும் நடக்கும், நான் திட்டு வாங்கிட்டு இருக்கிறப்ப நீ பெட்டிப் பக்கத்துல சும்மா நின்னியே என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, திங்கட்கிழமை நானும் உன்கூட மேனேஜர் ரூமுக்கு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்குப் புத்தி சொல்ல இப்போது எனக்கு வாய் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடு, அது போதும். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மறக்காதே, அப்பாவிடம் வயர் மாறியதை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், அந்த அரை மணி நேரத்தைச் சொல்லவில்லை. இது உன் கைக்கு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன். சொன்னேனா என்று அவரிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா