மண்மேட்டுக்குப் பெயர் மலையாம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? நான் சுகம்.

எங்கள் ஆபீஸ் சிலம்பரசன், பக்கத்திலுள்ள வடக்குத்து ஊர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை 'இயற்கை நடை'க்குத் திட்டம் போட்டார். நெய்வேலி ஸ்டேஷனில் தொடங்கி வடலூர் ஸ்டேஷனில் முடியுமாம். "வழியில மலை இருக்குதுங்க, பாத்துக்கினே போலாம்" என்றார்.

போய்ப் பார்த்தால், சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டி மரம் நட்ட மேடு! தென்காசிக்காரியிடம் இதை மலை என்று சொல்ல என்ன துணிச்சல்! நம் ஊர் ஆடு ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிடும். நான் ஏறுவதற்குள் என் செருப்பு அறுந்தது; காலுக்கு ஒன்றுமில்லை.

உச்சியில் எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். தென்காசி எந்தப் பக்கம் என்று சும்மா கேட்டுவைத்தேன். "அந்தப் பொகபோக்கிக்கு அந்தாண்டங்க" என்று சிலம்பரசன் கைகாட்டினார்.

என் பழைய கேன்வாஸ் ஷூவை உடனே பார்சலில் அனுப்புங்கள். வருகிற ஞாயிறும் அந்த மண்மேட்டில் ஏறவேண்டும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

மகள்,
பார்வதி